மூணாம் மாடிக்காரியின் போன்

மெத்தை விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துச் செருகி, தலையணைகளைத் தட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் வழக்கம்போல இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பை காலியாக இருந்தது. அவளுடைய போன் இரண்டாம் மாடியில் சூப்பர்வைசரின் கையில் இருந்தது. பத்து நிமிடம் என்று வாங்கிப் போனவர், முக்கால் மணி நேரமாகத் திருப்பித் தரவில்லை.

அந்த விடுதியில் ஒரு சட்டம். அறையைச் சுத்தம் செய்ததும் கட்டில், குளியலறை, துண்டு மூன்றையும் படமெடுத்து விடுதியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். படம் வந்தால்தான் கீழே வரவேற்பில் விருந்தாளிக்குச் சாவி கொடுப்பார்கள். வேலைக்காரப் பெண்கள் மாடிக்கு ஒருத்தி. பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரம் இல்லாததால், எந்த மாடியோ அதுவே பெயர். அவள் மூணாம் மாடி. சூப்பர்வைசருக்கும் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: சுருக்கம் சார். விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன் வாங்கும்போது அவள் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கையை வேகமா ஆட்டினாலும் விரல் விரலா தெளிவாத் தெரியுமா?" கடைக்காரர் மற்ற பெருமைகளையெல்லாம் விட்டுவிட்டு, தன் கையையே ஆட்டிக் காட்டினார். தெரிந்தது. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டாள்.

அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேட்காத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பெரியவர்கள் பள்ளிக்கூடமும் அனுப்பவில்லை. அந்தப் பாவத்துக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அக்காவும் தங்கையும் கைகளாலேயே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். பழைய போனில் விரல்கள் கலங்கி, பாதி புரியும், பாதி ஊகம். புதிய போனில் தங்கையின் நகச்சாயம்கூடத் தெரிந்தது. தங்கைக்கு இப்போது நிறைமாதம். லாரி ஓட்டும் கணவன் வழியில் எங்கோ இருக்கிறான். குடிவந்த ஊரும் புதிது, ஆஸ்பத்திரியும் புதிது.

போனில் குறை இல்லாமல் இல்லை. செங்கல் மாதிரி கனம். சோப்புக் கையில் நிற்காது. படம் எடுக்க எடுக்கச் சார்ஜ் கரைந்துபோகும். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் எதிர்பாராத குறை ஒன்றுதான்: அது படத்தை அநியாயத்துக்கு அழகாக எடுத்தது.

"என் போன்ல எல்லாம் மங்கல். உன் போன்ல எடுத்தா பழைய பெட்ஷீட்கூட புதுசாத் தெரியுதும்மா" என்று சுருக்கம் சார் சொன்ன அன்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலில் அவள் மாடிக்கு மட்டும் போனை வாங்கினார். பிறகு இரண்டாம் மாடிக்கு. பிறகு விடுதி முழுவதற்கும். போனின் பூட்டு எண்ணைக்கூடத் தானாகவே சொல்லிக் கொடுத்தாள். தப்பு அவள்மேலும் இருந்தது, அதை மறைத்துப் பேசுவானேன்.

அன்று காலை தங்கை கைகளால் சொல்லியிருந்தாள்: டாக்டர் கூப்பிட்டதும் நான் கூப்பிடுகிறேன், நீ எனக்கு வாயாக இரு.

அவள் படியிறங்கி ஓடினாள். சுருக்கம் சார் ஒரு குளியலறையில் மடித்த துண்டுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு கால் வந்துச்சா சார்?"

"வந்துச்சே, நாலு தடவை. அவசரமோன்னு நானே எடுத்தேன். சத்தமே வரலை. ஒரு பொண்ணு சும்மா கையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. லைன் கெட்டுப்போச்சுன்னு கட் பண்ணிட்டேன். நாலு தடவையும் அப்படித்தான்."

அவள் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். குளியலறைக்கு வெளியே வந்து, புதிதாக விரித்த கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தலையணையில் போனைச் சாய்த்து வைத்துத் தங்கையை அழைத்தாள். "ஐயோ, விரிப்பு!" என்று அவர் அலறியது அவள் காதில் விழவே இல்லை.

திரையில் தங்கையின் முகம் அழுது வீங்கியிருந்தது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மறு கையால் தொண்டையைப் பிடித்துப் பிடித்துக் காட்டினாள்.

நர்ஸின் குரல் கேட்டது. "நீங்க அக்காவா? ஊசின்னா இவ்வளவு பயமா இவங்களுக்கு? கையையே நீட்ட மாட்டேங்கறாங்க."

"பயமில்லை சிஸ்டர்! போட்டுடாதீங்க. என்ன மருந்து அது?"

நர்ஸ் பெயரைச் சொன்னாள்.

"அது அவளுக்கு ஒத்துக்காது. பன்னெண்டு வயசுல போட்டு, தொண்டை வீங்கி மூச்சே நின்னுபோச்சு. அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா!"

"தொண்டையைக் காட்டினாங்க... தாகமாக்கும்னு ரெண்டு டம்ளர் தண்ணி கொடுத்தோம்" என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில். டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் கேட்டதையெல்லாம் அக்கா கைகளால் தங்கைக்குச் சொன்னாள். தங்கை சொன்னதை வாயால் டாக்டருக்குச் சொன்னாள். மருந்து மாறியது. தங்கை ஒளித்து வைத்திருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். கீழே ஒரு பஸ் நிறைய விருந்தாளிகள் சாவிக்குக் காத்திருந்தார்கள்.

"பேசியாச்சுல்ல? இன்னும் பதினோரு ரூம் இருக்கு. போனைக் கொடு" என்று சுருக்கம் சார் கை நீட்டினார்.

"கொடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"இனிமே கொடுக்க மாட்டேன்." எல்லோரும் பார்க்க அங்கேயே நின்று பூட்டு எண்ணை மாற்றினாள்.

"போட்டோ இல்லாம ரூம் கொடுக்க முடியாது" என்றார் மேனேஜர். "வேலை வேணுமா வேண்டாமா? யோசிச்சுப் பேசு."

"வேணும் சார். கட்டில் விரிக்கறேன், கக்கூஸ் கழுவறேன், துண்டு மடிக்கறேன். அதுக்குத்தான் சம்பளம் கொடுக்கறீங்க. என் போனுக்குக் கொடுக்கலையே?"

கதவருகே நின்ற இரண்டாம் மாடிப் பெண் தன் போனையும் எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "என்னோடதும் கிடையாது சார். வேணும்னா நேர்ல வந்து பாருங்க. ரூம் சுத்தமாத்தான் இருக்கு."

வேறு வழியில்லை. மேனேஜர் பதினோரு அறைகளையும் தன் சொந்தக் கண்ணாலேயே பார்த்துத் தீர்த்தார். மூன்றாம் மாடி ஏறும்போது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கடைசி அறையைப் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"ஒரு போட்டோவுக்கு உதவினா குறைஞ்சா போயிடுவே? போன்னா நாலு பேருக்குப் பயன்படணும்மா."

"நானும் அப்படி நினைச்சுத்தான் சார் கொடுத்தேன். என் தங்கச்சி உயிரைக் காப்பாத்திக்கப் போராடினப்போ அது உங்க துண்டைப் படம் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. போன் எவ்வளவு நல்ல போனா இருந்தா என்ன, கூப்பிடற நேரத்துல நம்ம கையில இல்லைன்னா அது நம்ம போனே இல்லை. என் போன் என் வீட்டு மனுஷங்களுக்கு. விடுதிக்குப் படம் வேணும்னா, விடுதி ஒரு போன் வாங்கட்டும்."