பதினான்காம் அறைக்கு நான்கு கதவு

எங்கள் பட்டாசு ஆலையில் பதினான்காம் எண் அறை ஓர் அம்பாசிடர் கார்.

ஆலை ஏழாயிரம்பண்ணையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முதலாளி சீனிவாசகத்தின் அப்பா ஒரு காலத்தில் அந்தக் காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பிறகு எடுக்கவில்லை. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று யாரோ அதற்குள் காகிதக் குழாய்களை அடுக்கினார்கள். உரிமத்துக்கு வரைபடம் போட வந்தவர் அறைகளை எண்ணிக்கொண்டே வந்தார். உள்ளே சரக்கு இருந்ததால் இதையும் சேர்த்து எண்ணிவிட்டார். வரைபடம் கையெழுத்தாகி வந்தது. அதன்பின் அதில் உள்ளதுதான் ஆலை. எனவே முன்கதவில் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்கள்: அறை எண் 14. ஆட்கள் 2. காகிதக் குழாய் மட்டும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்தார். பட்டாசு அறையின் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், ஆபத்தென்றால் ஓட வழி வேண்டும். இதற்கு நான்கு கதவு, நான்கும் வெளியே திறக்கின்றன. மற்ற அறைகளையும் இப்படிக் கட்டியிருக்கலாம் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.

நான் அங்கே போர்மேன். வேதியியல் படித்தவன். வயது முப்பத்தெட்டு. மனைவி மாரிசெல்வி இறந்து பதினாறு மாதம். மஞ்சள் காமாலை. அதற்குமேல் சொல்ல எனக்கு வரவில்லை.

மகள் யோகேஸ்வரி பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த வாரம், மாரிசெல்வியின் அண்ணன் காளிராஜ் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். பிள்ளை அங்கே வந்து பதினொன்றாம் வகுப்பு படிக்கட்டும் என்றார். யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்த வருஷம் எல்லாக் கேள்விக்கும் எனக்கு அந்தப் பதில்தான் வந்தது. ஜூன் முதல் ஞாயிறு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காளிராஜ் கிளம்பினார்.

மறுநாள் அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். உரிமம் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் ஆலை மூடியிருந்தது. வெடிமருந்தையெல்லாம் அகற்றியாகிவிட்டது. காவலுக்கு நான் மட்டும் இருந்தேன். அவள் காரைச் சுற்றி வந்தாள்.

"இது ஸ்டார்ட் ஆனா இங்கனயே படிக்கேன். ஆகலன்னா மாமா கூடப் போறேன்."

சரி என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆலைக்குத்தான் விடுமுறை, விதிகளுக்கு இல்லை. அவற்றைக் காப்பது என் வேலை. பதினெட்டு வயது நிறையாதவர் உள்ளே வேலை செய்யக் கூடாது. ஆகவே பதிவேட்டில் அவளைப் பார்வையாளர் என்று எழுதினேன். பார்வையாளர் எதையும் தொடக் கூடாது. கைபேசி உள்ளே வரக் கூடாது. செருப்பு கூடாது, இரும்புக் கருவி கூடாது, தீப்பொறி கூடவே கூடாது. தீப்பொறி இல்லாமல் ஓடாத ஓர் இயந்திரத்தை இப்படிச் சரிசெய்யத் தொடங்கினோம்.

அவள் கேட்டுக்கு வெளியே நின்று கைபேசியில் வீடியோ பார்ப்பாள். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, கைபேசியையும் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டு, முந்நூறு அடி நடந்து வந்து சொல்வாள். நான் செய்வேன். அடுத்ததற்கு மறுபடி கேட்டுக்குப் போவாள். கார்புரேட்டரைக் கழற்ற மட்டும் நாற்பத்தோரு நடை.

"இடது பக்கமாத் திருகணுமாம்."

"காருக்கு இடதா, எனக்கு இடதா?"

அதைத் தெரிந்துவர அவள் மறுபடி கேட்டுக்குப் போனாள்.

பித்தளை ஸ்பேனர்தான் அனுமதி. நட்டு அசையவில்லை, ஸ்பேனர் தேய்ந்தது. துருவைச் சுரண்ட அரம் கூடாது என்பதால் புளியைக் கரைத்துப் பூசி, தேங்காய் நாரால் தேய்த்தேன். ஒரு வாரம் கார் முழுக்க ரசவாடை. ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு இருந்தது, முழுக்கப் பட்டாசு லேபிளைக் கிழித்துக் கட்டியது. அவள் தொடாமல் குனிந்து, அதிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

ஒருநாள் சீனிவாசகம் வந்தார். அப்பாவின் காரில் கொஞ்சம் உட்கார ஆசைப்பட்டுப் பின்கதவைத் திறந்தார். யோகேஸ்வரி எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள், நான் டாஷ்போர்டுக்குக் கீழே கிடந்தேன். ரெண்டு ஆளுதான் அண்ணாச்சி, போர்டு இருக்கு என்றேன். அவர் கதவைப் படித்துவிட்டு, வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வெளியே வந்த பிறகுதான் உள்ளே போனார்.

மே மாத நடுவில் ஒரு மத்தியானம் ஒன்றைக் கவனித்தேன். அன்று நாங்கள் வாட்டர் பம்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருந்தோம்.

ஸ்டார்ட் செய்து பார்க்கக் காரை வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் அது அறை. அறை ஒன்று குறைந்தால் உரிமம் நின்றுவிடும். இது கார், வெளியே எடுக்க அனுமதி வேண்டும் என்று சீனிவாசகம் மனுக் கொடுத்தார். பத்து நாளில் பதில் வந்தது: அறை எண் 14-ஐ இடிக்க ஆட்சேபணை இல்லை. இடிபாடுகளை வளாகத்துக்கு வெளியே அப்புறப்படுத்தவும்.

ஜூன் முதல் ஞாயிறு காலையில் நானும் முதலாளியும் இடிபாட்டைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். காளிராஜ் தன் பழைய மாருதியில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். கதவில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"என்ன மாப்ள, ரூமத் தள்ளிட்டு வாறீக?"

அதைச் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. நீங்களும் ஒரு கை கொடுங்க மச்சான் என்றேன்.

செல்ஃப் மோட்டார் செத்திருந்தது. பெட்ரோல் டேங்க் ஓட்டை. ஆலையைவிட்டு அரை கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க்கு இறங்கும் பாதையில் நிறுத்தினோம். இரண்டு லிட்டர் கேனைக் கூரைமேல் கட்டி, ட்யூபைக் கார்புரேட்டருக்கு இறக்கினேன். பார்வையாளர் இப்போது காரைத் தொடலாம். யோகேஸ்வரி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் தள்ளினோம். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காளிராஜ்தான் அதிகம் தள்ளினார்.

நான்காவது தடவை அது தும்மியது. கருப்பாகப் புகை விட்டது. பிறகு ஓடியது. அவள் பிரேக் பிடித்து, நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டாள்.

"தள்ளி ஸ்டார்ட் பண்றதெல்லாம் கணக்கில்ல தாயி," என்றார் காளிராஜ். "நிப்பாட்டிட்டு இன்னொருக்கப் பண்ணு, பாப்போம்."

"நிப்பாட்ட மாட்டேன்."

"மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க."

அவள் இஷ்டம் என்றுதான் எனக்கு வாயில் வரும் என்று தெரிந்தது. அவளுக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியாகக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ போக வேண்டாம் மச்சான்," என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று காதருகே கையை வைத்தார். நான் கத்த வேண்டியிருந்தது.

"அவ போக வேண்டாம். எனக்கு அவ இங்கன வேணும்."

கண்மாயில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். காளிராஜ் காதிலிருந்து கையை எடுத்தார். யோகேஸ்வரி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கேனில் பெட்ரோல் ஒரு விரல் உயரம்தான் இருந்தது.

"மாமா, உங்க காரு பெட்ரோலா, டீசலா?"

பெட்ரோல் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நடந்து போய் மாருதியை எடுத்துவந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்தார். அதற்குள் விட்ட வேறொரு ட்யூபையும் அவரே வாயில் வைத்து உறிஞ்சிக் கேனை நிரப்பினார். மூன்றாம் தடவை எடுத்தபோது, இனிச் சாத்தூர் பங்க் வரைக்கும்தான் போக முடியும் என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினார்.

மத்தியானம் ஒரு மணிக்கும் அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, புளிச்சோற்றை ஜன்னல் வழியாக ஊட்டினேன். உப்பு கம்மி என்றாள்.