கேபினில் ஒரே நாற்காலி

பழங்காநத்தத்து அந்த மூன்றாவது மாடியில் காலை ஏழு மணிக்கே மவுஸ் சத்தம் கிளம்பிவிடும். கீழே மெத்தைக் கடைக்காரர் இன்னும் ஷட்டரைத் தூக்கியிருக்க மாட்டார். மேலே பத்துப் பிள்ளைகள், குனிந்த தலை நிமிராமல், திரையில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாம் ரோட்டில் எடுத்த படங்கள். பஸ்ஸைச் சுற்றி ஒரு கட்டம், ஆட்டோவைச் சுற்றி ஒரு கட்டம், குறுக்கே போகிற மாட்டுக்கும் ஒரு கட்டம். டிரைவர் இல்லாமல் ஓடப்போகிற காருக்கு ரோட்டைப் பழக்கிக் கொடுக்கிற வேலையாம்! கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப். சம்பளம் என்று வாயெடுத்தால், "கத்துக்க வந்த இடத்துல கூலியா?" என்பார் முதலாளி ராம்கி. கற்றுக்கொண்டதெல்லாம் மணிக்கட்டு வலிதான்.

இசைவாணி அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அம்மா களையெடுக்க இறங்கும் நேரமும் இவள் பஸ் ஏறும் நேரமும் ஒன்றுதான். "நீயாச்சும் நிழல்ல உக்காந்து வேலை பாரு தாயி" என்று தினமும் சொல்லித்தான் அம்மா அனுப்புவாள். திங்கட்கிழமை கல்லூரிக்குப் பெரிய கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருகிறது. இன்டர்ன்ஷிப் முடித்த சர்ட்டிபிகேட் இல்லாதவர்களை அவர்கள் உள்ளேயே விடமாட்டார்கள். பேசிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ராம்கியோ சர்ட்டிபிகேட்டை இந்தா அந்தா என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் அவளைக் கேபினுக்குள் கூப்பிட்டார். அந்தக் கேபினில் அவருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு.

"இம்புட்டுப் பேர்ல உன்மேலதாம்மா எனக்கு நம்பிக்கை. வேலையே போட்டுத் தாரேன். வெளிய மூச்சு விட்றாத" என்றவர், குரலை இறக்கினார். "பக்கத்துல இருக்கே பிருந்தா, அதுகிட்ட மட்டும் கொஞ்சம் உசாரா இரு. போன்ல அவுங்க பாஷையில பேசிக்கிட்டே இருக்கு. நடுநடுவுல உன் பேரு அடிபடுது."

அவ்வளவுதான், விதை விழுந்துவிட்டது. பிருந்தா சௌராஷ்டிர வீட்டுப் பெண். வீட்டிலிருந்து போன் வந்தால் அவள் பேசுவதில் இசைவாணிக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அதுவரை அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. இப்போது போன் அடித்தாலே காது அந்தப் பக்கம் திரும்பியது. ஒருவர் போட்ட கட்டத்தைப் பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்து, தப்பென்றால் மறுபடி போடச் சொல்லித் திருப்பிவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். சந்தேகக் கண்ணுக்குச் சரியான கட்டமும் கோணலாய்த்தானே தெரியும்? இசைவாணி பிருந்தாவின் படங்களைக் குவியலாய்த் திருப்பினாள். பதிலுக்கு இவளுடையதும் குவியலாய்த் திரும்பி வந்தது. 'பாத்தியா, சார் சொன்னது நெசந்தான்' என்று நெஞ்சு கறுவியது.

வெள்ளிக்கிழமை காலையில் பிருந்தாவின் கையிலிருந்து மவுஸ் நழுவி விழுந்தது. மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்றிருந்தது. விரலை மடக்க முடியவில்லை.

ராம்கி எட்டிப் பார்த்தார். "இடது கையால போடு. திரும்பி வந்ததையெல்லாம் முடிச்சாத்தான் உனக்கு சர்ட்டிபிகேட்."

பிருந்தா மாடிப்படிக்குப் போய் அம்மாவோடு போனில் பேசி அழுதாள். அந்த அழுகைக்கு நடுவே 'இசைவாணி' என்ற பேர் தெளிவாய்க் கேட்டது. இவளால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் நின்றாள்.

"என்னையப் பத்தி என்ன சொல்ற உங்கம்மாகிட்ட?"

"நீ திருப்பித் திருப்பி விட்டதாலதான் கை இப்படி ஆச்சுன்னு சொன்னேன். போதுமா? நானும் வேணும்னேதான் உன்னோடதத் திருப்பினேன், மனசு அடிச்சுக்குதும்மான்னும் சொன்னேன்" என்று பிருந்தா கண்ணைத் துடைத்தாள். "நீ என்னையத் தூக்கிட்டு உங்க ஊர்ப்பிள்ள ஒண்ண உக்கார வைக்கப் பாக்குறியாம். சார்தான் சொன்னாரு. வேலை எனக்குத்தான்னும் சொன்னாரு."

"வேலை உனக்கா?"

அந்தப் பத்துப் பேரில் ஒருவனான வாடிப்பட்டி சிவபாண்டி, தோளில் தண்ணிக்கேனோடு படியேறி வந்தவன், அப்படியே இறக்கி வைத்தான். "அடப்பாவிகளா! எனக்குல்ல அந்த வேலை! எங்க வீட்ல ஊருக்கே ஸ்வீட்டு குடுத்துட்டாங்க!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பின்னாலேயே இசைவாணிக்கு அவமானம் பொங்கியது. அந்த வீங்கிய கையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

"சரியா இருந்ததைத்தான்டி திருப்பினேன். பாவி நான்."

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாக. இந்தாளு பத்தா உடைச்சிருக்காரே!" என்றான் சிவபாண்டி.

உள்ளே போய் மற்றவர்களிடம் விசாரித்தார்கள். பத்துப் பேருக்கும் அதே வேலை, அதே 'மூச்சு விட்றாத'! ஒரே முடிவு எடுத்தார்கள். இனி ஒருத்தரைக் கூப்பிட்டால் எல்லோரும் போவது.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "இசைவாணி மட்டும் உள்ள வா."

பத்து நாற்காலியும் ஒன்றாய்ப் பின்னால் நகர்ந்தன.

ராம்கியின் முகம் மாறியது. "ஒருத்தியத்தான கூப்பிட்டேன்? என்ன, சந்தைக்கா வர்றீங்க?"

"தனித்தனியா வந்தப்ப எல்லாருக்கும் ஒரே வேலையக் குடுத்தீங்க சார். அதான் சேந்து வாங்கிட்டுப் போவம்னு வந்தோம்" என்றான் சிவபாண்டி.

"யாரு இதுகளைக் கிளப்பிவிட்டது? நீயா இசை?"

இசைவாணி ஓரடி முன்னால் வந்தாள். "நீங்கதான் சார். எங்க பத்துப் பேருக்கும் சர்ட்டிபிகேட் வேணும். பிருந்தா கைக்கு வைத்தியம் நீங்க பாக்கணும். அதுவரைக்கும் ஒரு கட்டம் போட மாட்டோம்."

"உங்க காலேஜுக்குப் போன் போட்டேன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"போடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்குறோம்" என்றாள் இசைவாணி.

போனை எடுத்தவர் அழுத்தாமல் கையிலேயே வைத்திருந்தார். திங்கட்கிழமைக் கவலை அப்படியேதான் நின்றது. சர்ட்டிபிகேட் கிடைக்குமா, கல்லூரியில் பகையாகுமா, ஒன்றும் தெரியாது. இசைவாணி அந்த ஒற்றை நாற்காலியை இழுத்துப் பிருந்தாவை உட்கார வைத்தாள். மற்றவர்கள் சுவரோரம் நெருங்கி நின்றார்கள். கீழே மெத்தைக் கடை ஷட்டர் தடதடவென்று ஏறியது.

ராம்கி குரலில் தேனைத் தடவினார். "சரி, மத்தவங்க வேலையப் பாருங்க. நான் இசைவாணிகிட்டத் தனியாப் பேசிக்கிறேன்."

வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பிருந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கயே பேசுங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."