ஹலீமா வைத்த கைநாட்டு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, பாயை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பதா என்று ஒரு குடும்பம் இரண்டுபட்டு நின்ற கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்து எழுந்திருக்கும்போது மனசு நிறைந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

அதிராம்பட்டினத்தில் ஹலீமா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் அப்துல் அஜீஸுக்குப் பினாங்கில் கடை. எப்போதோ ஒருதரம் கப்பலில் வந்து இறங்குவான், கொஞ்ச மாதம் அத்தர் மணக்க இருப்பான், போய்விடுவான். அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணத்தின்போது வாப்பா மகள் பேருக்கு வீட்டை எழுதிவைப்பார். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். ஹலீமாவுக்கு வந்த வீடு அப்படி வந்ததுதான். நாளைக்கு அவள் மகள் லத்தீஃபாவுக்குப் போகும்.

வீட்டோடு, ஊருக்கு மேற்கே கடைமடையில் கொஞ்சம் நஞ்சையும் அவள் பேரில் இருந்தது. துரைராசு என்பவர் அதைக் குத்தகைக்குச் செய்தார். கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பேரைச் சர்க்காரில் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்த சமயம் அது. வடக்கே பல ஊர்களில் அறுவடை வயலில் அடிதடி, போலீஸ், வழக்கு. துரைராசு சண்டைக்கெல்லாம் வரவில்லை. ஆனால் தன் பேரைப் பதிந்துகொண்டார்.

அஜீஸ் அந்த முறை வந்து இறங்கியதும் காதில் விழுந்தது இதுதான். அடுத்ததாக விழுந்தது, துரைராசின் மகள் செவ்வந்தியும் லத்தீஃபாவும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்பது. வயலிலே பங்கு வாங்கினவன் பெஞ்சிலேயும் வாங்கிட்டானா என்று டீக்கடையில் எவனோ சீண்டிவிட்டான். அஜீஸ் சுண்டிப்போன முகத்தோடு வீட்டுக்கு வந்தான். லத்தீஃபா அப்போதுதான் பெரியவளாகியிருந்தாள். இனிமேல் பள்ளிக்கூடம் கிடையாது, சைத்தூன் பீவியிடம் வீட்டிலேயே ஓதட்டும் என்று சொல்லிவிட்டான். அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அதுதான் நடந்தது.

சைத்தூன் பீவி ஹலீமாவின் சாச்சி, உம்மாவோடு பிறந்த தங்கை. தெருப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் குர்ஆன் ஓதவும், தமிழை அரபு எழுத்தில் எழுதவும் சொல்லிக்கொடுத்தவர். ஹலீமாவும் அவரிடம் படித்தவள்தான். அந்த எழுத்தில் அவள் போட்ட கடிதங்களைப் படித்துத்தான் அஜீஸ் பினாங்கில் நாளை ஓட்டினான்.

லத்தீஃபா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு, முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். மகள் அத்தனை சீக்கிரம் அடங்கிப்போனதுதான் ஹலீமாவைத் தைத்தது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. அன்றைக்கு வராத பிள்ளைகளின் பேரை எடுத்துவிடுவார்கள். ஞாயிறு மத்தியானம் அஜீஸ் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பொறுத்திருந்தாள்.

"மச்சான், நாளைக்குப் புள்ள பள்ளிக்கூடம் போவுது."

"வேண்டாம்னு சொல்லியாச்சுல்ல. இந்த வீட்டுல நான் சொல்றதுதான் நடக்கணும்."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுக்கே உறைத்துவிட்டது. பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கும் எந்த மாப்பிள்ளையும் சொல்லக் கூடாத பேச்சு அது. ஹலீமா நினைத்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டு அவனை மடக்கியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பான். அதில் மகளுக்கு என்ன கிடைக்கும்? அதனால் அதை விட்டுவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

குத்தகைப் பதிவு விசாரணைக்கு அவளைத் தாலுகா கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூடுவண்டியில் போனாள். கையெழுத்துப் போடச் சொன்னதும் சாச்சி பழக்கிய எழுத்தில் தன் பேரைப் பதமாக எழுதினாள். குமாஸ்தா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எழுத்து அழகாத்தான் இருக்கு, ஆனா இங்க செல்லாதும்மா என்று மைப்பெட்டியை நகர்த்தினார். நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவளுக்கு நாக்கு எழும்பவில்லை.

"எனக்கு முன்னாடி துரைராசு கைநாட்டு வச்சாரு. அதே மையில நானும் வச்சேன். ஒரே கந்தல்ல ரெண்டு பேரும் வெரலைத் தொடச்சோம். அவரு மக இனிமே வெரலை நீட்ட மாட்டா மச்சான். நம்ம மக நீட்டணுமா?"

வாத்தியாரம்மா ஒருவரை வீட்டுக்கே வரச் சொல்கிறேன், தமிழ், இங்கிலீஷ், கணக்கு எல்லாம் இங்கேயே படிக்கட்டும் என்று அஜீஸ் இறங்கிவந்தான்.

"எழுத்து வீடு தேடி வந்துடும். நாலு பேருக்கு முன்னாடி வாயத் தொறக்குற தைரியம் வருமா? நீங்க கப்பல் ஏறிடுவீங்க. நாளைக்கு வீட்டுக்கும் வயலுக்கும் பதில் சொல்ல வேண்டியவ அவ."

அடுப்படி வாசலில் இருந்த சைத்தூன் பீவிக்குத் தன் எழுத்து செல்லாமல்போன செய்தி அன்றைக்குத்தான் தெரியும். அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் அவரே வாய் திறந்தார்.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு என்கிட்ட ஓத வரட்டும். அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும். ஏன் மாப்பிள்ளை, அந்தச் செவ்வந்திப் புள்ள பெஞ்சையும் குத்தகைக்குப் பதிஞ்சுக்குமோன்னு பயமா?"

அடுப்படியில் கீரை உருவிக்கொண்டிருந்த லத்தீஃபா தலையைக் குனிந்து சிரித்தாள். அஜீஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். காலையில் யாரும் எழுந்திருப்பதற்கு முன்பே வெளியே போய்விட்டான்.

ஹலீமா அவன் வருவான் என்று காத்திருக்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். பெண்கள் நடக்கிற முடுக்குச் சந்து கடைத்தெருவோடு முடிந்துவிடும். அதற்கப்பால் அந்த வீட்டில் பெரியவளான பெண்கள் நடந்ததில்லை. ஹலீமா நடந்தாள்.

டீக்கடையில் அஜீஸ் உட்கார்ந்திருந்தான். முந்தாநாள் சீண்டியவனே கேட்டான்: "என்ன அஜீஸு, உன் வீட்டு ஆளுங்க மாதிரி இருக்கே?"

அஜீஸ் கிளாஸைக் கீழே வைத்தான். "எங்க வீட்டு ஆளுங்கதான். புள்ளைக்கு நேரமாச்சு" என்று எழுந்தான். தெருவில் இறங்கி, எதிரே வந்த வைக்கோல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினான். தாயும் மகளும் கடந்து போனார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே யார் முன்னாலும் நிமிர்ந்து நடக்கட்டும் கண்ணுகளா. உங்கள் உலை ஓயாமல் கொதிக்கட்டும். தூரதேசம் போனவர்கள் சுகமாக வந்து சேரட்டும். வாசல் நிறைய வாழுங்கள்.