மிஸஸ் கில்லியமின் நாலு வருஷப் படிப்பு

இப்போதெல்லாம் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேறு நாகரிகமாகிவிட்டது. மெம்ஃபிஸில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து வயதிருக்கும். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "வெர்டெல், உள்ள வரலாம்" என்றாள். என் மனைவிக்கு எழுபத்தாறு வயது. அவளைப் பெற்றவளைச் சாகும்வரை வெள்ளைக்கார முதலாளி வீட்டுப் பொடிசுகள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டன.

"மிஸஸ் கில்லியம்னு கூப்பிடுங்க" என்றேன்.

"மன்னிச்சுக்கங்க" என்றாள். அதையும் காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு அங்கே வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். வெர்டெலுக்கு மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்துப் பகல் காப்பகத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். கடிதம் இல்லாவிட்டால் இடமில்லை. நான் இன்னும் பஸ் டிப்போவில் கூட்டிப் பெருக்கப் போகிறேன், காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த ஆறு மணி நேரமும் அவள் தனி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். நாங்கள் கல்யாணமாகிக் குடியிருந்த தெருவை இடித்துத்தான் நெடுஞ்சாலை போட்டார்கள். அதில் லாரிகள் ஏறுகிற சரிவில் நின்று எங்கள் வாசற்படியைத் தேடிக்கொண்டிருந்தாளாம். ஒரு பால் வண்டிக்காரன் அழைத்து வந்து விட்டான்.

டாக்டரம்மா முதலில் கேட்டது படிப்பை.

"எட்டு வருஷம்" என்றாள் வெர்டெல், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

நான் சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதோடு, உள்ளதைச் சொன்னால் பரீட்சையில் கொஞ்சம் தாட்சண்யம் காட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"பேருக்குத்தாம்மா எட்டு. களை எடுக்கிறப்பவும் பருத்தி வெடிக்கிறப்பவும் பள்ளிக்கூடத்தப் பூட்டிடுவாங்க. கறுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த மட்டும். நாங்க முதுகுல சாக்கோட நிக்கிறப்ப வெள்ளப் பிள்ளைங்க பஸ்ஸு எங்களத் தாண்டிப் போகும். கூட்டிப் பாத்தா நாலு வருஷம்கூடத் தேறாது."

"அப்படியா, பயனுள்ள தகவல்" என்று எட்டை அடித்துவிட்டு நாலு என்று எழுதினாள். வெர்டெல் என்னை முறைத்தாள்.

வாளி, ரயில், எலுமிச்சை என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். வெர்டெல் எல்லா எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் அடைத்து வைத்தாள். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டதற்கு, "தேதி பாக்குற வேலையிலேருந்து நான் எப்பவோ ஓய்வு வாங்கியாச்சு, தங்கம்" என்றாள். டாக்டரம்மா சிரித்தாள். மூன்று வார்த்தையில் எலுமிச்சை மட்டும் மிஞ்சியது.

அரை மணி கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நல்ல செய்தி. மிஸஸ் கில்லியம் முப்பதுக்கு இருபது மார்க் வாங்கியிருக்காங்க. அவங்களுக்கு இது நார்மல்தான்."

"அவங்களுக்குன்னா?"

"நாங்க ஒருத்தர அவங்கள மாதிரி இருக்கிறவங்களோடதான் ஒப்பிடுவோம். வயசு, படிப்பு, இனம் மூணையும் பாத்து. பள்ளிக்கூடமே சரியா கிடைக்காதவங்கள நோயாளின்னு தப்பா முத்திரை குத்திடக் கூடாதில்ல? உங்க நல்லதுக்குத்தான்."

என் நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தால் நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வேன்.

"எட்டு வருஷம்னு இருந்திருந்தா?"

அவள் ஒரு அட்டவணையில் விரலை ஓட்டினாள். "படிப்பு கூடினா நார்மல் கோடும் மேல ஏறும். அதுக்கு ஒரு மார்க் கீழ வந்திருப்பாங்க."

"கடிதம் கிடைச்சிருக்கும்."

"ஆமா."

"வெள்ளக்காரியா இருந்திருந்தா?"

விரல் நின்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "எட்டோ நாலோ, ரொம்பக் கீழ" என்றாள் மெதுவாக.

"அப்ப எட்டுன்னே எழுதுங்க."

"தப்புன்னு நீங்களே சொன்னீங்களே சார். தெரிஞ்சே எப்படி மாத்துறது?"

"அப்ப வெள்ளன்னு எழுதுங்க."

வெர்டெல் கைகொட்டிச் சிரித்தாள். "என்னையா? நான் வெள்ளக்காரியா இருந்திருந்தா, மிஸ்டர் கில்லியம், உங்களக் கட்டிக்கிட்ட அன்னிக்கே அந்தக் காலச் சட்டப்படி ரெண்டு பேரையும் ஜெயில்ல போட்டிருப்பாங்க!"

"பாருங்க, எவ்வளவு தெளிவா பேசுறாங்க" என்றாள் டாக்டரம்மா.

அந்தப் பேச்சு அவள் கூடப் பிறந்தது. அடுப்பை அணைக்க மறந்தவள், பெற்ற மகளைத் தொலைபேசியில் யார் என்று கேட்டவள், சாகும்போதும் பதில் சொல்லிவிட்டுத்தான் சாவாள். அதை எந்த அட்டவணையில் பார்ப்பார்கள்? பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாக்கைக் கொடுத்து வயலுக்கு அனுப்பினார்கள். அறுபது வருஷம் கழித்து, உங்களுக்கெல்லாம் இவ்வளவு நினைவு இருந்தால் போதும் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கியது என் வாய்.

"அடுத்த வருஷம் திரும்பப் பாக்கலாம்."

"அதுக்குள்ள அவ லாரியில அடிபட்டா?"

"உங்க கோபம் எனக்குப் புரியுது."

"புரியல" என்று எழுந்தேன்.

நார்மல் என்று எழுதி அவள் நீட்டிய காகிதத்தை மடிக்காமல் சட்டைப் பையில் திணித்தேன். லிஃப்டில் வெர்டெல், "எட்டு வருஷம். ஊருக்கு முன்னால என்னைப் படிக்காதவளாக்கிட்டீங்க" என்றாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். எங்களுடையது பழுப்பு ப்யூக் கார். அவள் யாருடையதோ ஒரு நீல வண்டியின் பக்கத்தில் போய் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நான் வந்து திறப்பதற்காகத் தொப்பியைச் சரிசெய்தபடி காத்திருந்தாள். பின் இருக்கையில் குழந்தை நாற்காலி தெரிந்தது. நான் மூன்றாவது மாடியை நிமிர்ந்து பார்த்தேன். திரைகள் இறங்கியிருந்தன.

"நம்ம வண்டி அங்க இருக்கு, மிஸஸ் கில்லியம்."

"இதத்தான ஞாயித்துக்கிழம கழுவுனீங்க?"

அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். பையிலிருந்த நார்மல் சரசரத்தது. ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளை நடத்திக் கூட்டிப் போனேன். அவள் அந்த நீல வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.