இரண்டாவது கடை

"இது உங்க கையெழுத்தா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை."

"அத்தை, முதல்ல நடந்ததை—"

"நடந்ததைக் கேக்கலை. கையெழுத்தைக் கேக்கறேன்."

"என்னுதுதான். ஆனா கணக்கெடுக்க வந்த அந்தப் பொண்ணு எப்படிக் கேட்டான்னா—"

"எப்படிக் கேட்டா? கழுத்துல கத்தியை வெச்சா?"

வெளியிலிருந்து வந்த வேகத்தில் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேசைமேல் அறுப்பதற்காகக் கோடு கிழித்து வைத்திருந்த கண்ணாடியின்மீது அந்த நகல் தாளைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தினார். கோடு கிழித்த கண்ணாடி அழுத்தினால் பிளந்துவிடும்; அவர் அப்படி அழுத்தி மருமகன் பார்த்ததே இல்லை.

தெருமுனையில் அறிவிப்பு ஒட்டி மூன்று நாளாகிறது. கழிவுநீர்க் குழாய் மாற்றப் போகிறார்களாம். அடுத்த மாதம் முதல் பத்து மாதம் தெரு முழுக்க மூடல். வண்டி உள்ளே வராது. நடக்க மட்டும் ஓரமாகப் பலகை போடுவார்கள். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்க வேண்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி மூன்றரை.

கண்ணாடி அறுத்துப் படச்சட்டம் போடும் கடை அது. வண்டி வராவிட்டால் கண்ணாடி வராது. கண்ணாடி வராவிட்டால் கடையில் மிச்சம் இருப்பது சுவரும் மாமியாரும்தான். தெருவைப் பாதி பாதியாகத் தோண்டுங்கள், வேலை இழுத்தாலும் பரவாயில்லை என்று கேட்கத்தான் மாமியார் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி வாதாடவே இல்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

"படிக்கறேன், கேளுங்க. 'இந்த வருட வியாபாரம்: மிக நன்று.' போன மாசம் எத்தனை சட்டம் போட்டோம்?"

"ஒன்பது."

"அதுல ரெண்டு நம்ம வீட்டுப் படம். 'சிரமங்கள்: சொல்லும்படி எதுவும் இல்லை.' சரி. 'தெருவைச் சில மாதம் மூட நேர்ந்தால்: தாராளமாகச் சமாளிப்போம்.' எப்படிச் சமாளிப்பீங்க? ஆறடிக் கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டுப் பலகை மேல நடப்பீங்களா? வித்தை காட்டறவங்க தோத்துப்போவாங்க."

"அத்தை—"

"இன்னும் முடியலை. முத்தாய்ப்பா ஒண்ணு இருக்கு. 'எதிர்காலம்: இன்னும் இரண்டு வருடத்தில் இதே தெருவில் இரண்டாவது கடை.' இதை எந்தக் கனவுல கண்டீங்க?"

மருமகன் வாயைத் திறந்தான். அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தான். பிறகு வேறு எதையோ சொன்னான்.

"அந்தப் பொண்ணு எதிர்க்கடையில நாற்காலி இருக்குன்னு அங்க உக்காந்துக்கிட்டு எல்லாரையும் கூப்பிட்டா. செருப்புக்கடைக்காரர் எனக்கு முன்னாடி எழுதினார். வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதினார். மிக நன்று, மிக நன்றுன்னு. அவர் முன்னாடி நான் மட்டும் மூக்கைச் சிந்தணுமா?"

"வாங்க," என்றார் மாமியார்.

"எங்க?"

"மூக்கைச் சிந்தாதவர் கடைக்கு."

செருப்புக்கடைக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மாமியார் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். காலி. அடுத்ததும் காலி. மூன்றாவதில் ஒற்றைச் செருப்பு.

"இதுக்குப் பேர்தான் மிக நன்றா தம்பி?"

"மெதுவாப் பேசுங்க அக்கா."

"ஏன், இந்த ஒத்தைச் செருப்புக்குக் காது இருக்கா?"

"உங்க மாப்பிள்ளைதான் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தார். நான் வேற என்ன எழுதறது?"

"நான் எங்க எட்டிப் பாத்தேன்? நீங்கதான் சத்தமாப் படிச்சீங்க."

"நீங்க பாக்கறீங்கன்னுதானே படிச்சேன்."

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த மாமியாருக்கு இரண்டு கன்னத்திலும் அறையலாம்போல இருந்தது. யாரை முதலில் என்பதுதான் குழப்பம்.

"நல்லா இருக்கு. ஆளாளுக்குப் பவுடர் பூசிக்கிட்டீங்க. பதினாலு கடையும் கொழுத்துக் கிடக்குன்னு அங்க ஃபைல் போட்டுட்டான். பத்து மாசம் மூடினா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. நானும் மூட வேண்டியதுதான்."

"அப்போ கிளம்புங்க. அன்னைக்கு எழுதினது பொய்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அஞ்சு மணி வரைக்கும் வாங்கிப்பாங்க."

அவர் நகவெட்டியை மடித்தார். "என்னால முடியாதுக்கா. வியாபாரம் படுத்துடுச்சுன்னு நானே எழுதிக் கொடுத்தது, சரக்கு அனுப்பறவன் காதுக்குப் போனா அடுத்த பெட்டி வராது. நீங்க கொடுங்க. நீங்க கொடுத்தா எங்களுக்கும் சேர்த்துத்தானே?"

"மானம் உங்களுக்கு, மனு எனக்கு. அப்படித்தானே?"

கடைக்காரர் ஒற்றைச் செருப்பு இருந்த பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடினார்.

தையல்கடையில் கேட்டார்கள். பாத்திரக்கடையில் கேட்டார்கள். அங்கேயும் அதே பேச்சு, வேறு குரலில். பாத்திரக்கடை அம்மாள், "எங்களுக்கு நிஜமாவே நல்லாத்தான் போகுது," என்று தூசி படிந்த குடத்தின்மேல் கை வைத்தபடி சொன்னார். கையை எடுத்தபோது ஐந்து விரலும் குடத்தில் பதிந்திருந்தன.

திரும்பி வந்தபோது மணி நாலு பத்து. மாமியார் மேசையிலிருந்த கண்ணாடியை நகர்த்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"உக்காருங்க. எழுதுங்க."

"நீங்களே எழுதுங்க அத்தை. கடை உங்க பேர்லதானே இருக்கு?"

"பொய்யை எழுதின கைதான் மாத்தி எழுதணுமாம். ஆபீசர் சொல்றார். இல்லைன்னா நானே எழுதி, நீங்க முன்னாடி வேலை பார்த்த டிப்போவுலேர்ந்து கிளம்பற பஸ்ஸெல்லாத்துலயும் ஒட்டியிருப்பேன். எழுதுங்க."

"என்னன்னு?"

"எங்கள் கடை ஓடவில்லை. தெருவை மூடினால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. எழுதியாச்சா? மூணு வருஷமா ஓடவில்லைன்னு சேத்துக்கோங்க. அப்பதான் உறைக்கும்."

பேனா நின்றது.

"மூணு வருஷமாவா?"

"ஆமா, மூணு வருஷம். எழுதுங்க, நேரம் ஆகுது."

அவன் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை.

"நான் டிப்போ வேலையை விட்டுட்டு இங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது அத்தை."

மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதே மேசைலதான் உக்கார வெச்சுச் சொன்னீங்க. கடை அமோகமாப் போகுது மாப்பிள்ளை, ஆள் போதலை, இன்னும் ரெண்டு வருஷத்துல இதே தெருவுல ரெண்டாவது கடைன்னு. அந்தப் பொண்ணு எதிர்காலம்னு கேட்டப்போ எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதைத்தான் எழுதினேன்."

"மணி நாலேகால்," என்றார் மாமியார். குரல் முன்புபோல இல்லை.

"நல்லா ஓடின கடை நான் கால் வெச்சதும் படுத்துடுச்சேன்னு ரெண்டு வருஷமா என்னை நானே திட்டிக்கிட்டிருக்கேன். உங்க பொண்ணும் ஒரு தடவை அப்படித்தான் சொன்னா. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க, வாயைத் திறக்கலை." அவன் தாளை அவர் பக்கமாகத் திருப்பினான். "இப்போ சொல்லுங்க அத்தை. மூணுன்னு எழுதவா, ரெண்டுன்னு எழுதவா?"