ஒரே லைனில் மூன்று வீடு

எங்கள் மேப்பிள் தெருவில் மேப்பிள் மரம் கிடையாது. அமெரிக்காவின் டொலிடோ நகருக்கு வெளியே மக்காச்சோளக் கொல்லையை அழித்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகளைக் கட்டிவிட்டுப் பெயரை மட்டும் குளிர்ச்சியாக வைத்தார்கள். உலகப் போரிலிருந்து திரும்பிய ஆண்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். குடிவந்த புதிதில் என் கணவன் செஸ்டர் கூபியாக் எங்கள் வீடென்று நினைத்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, என் பெயரைச் சொல்லி "பெர்ன், கதவைத் திற, பசிக்குது" என்று கத்தியதை அந்த வீட்டு வெல்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வசதிக்குக் குறைவில்லை. துவைக்க மெஷின், பெருக்க மெஷின், சமையலறையில் ஆள் உயரத்துக்குக் குளிர்பெட்டி. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிய பிறகு வேலையெல்லாம் மெஷின்களே செய்தன. அவை செய்வதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். போர் நடந்தபோது விமானத் தொழிற்சாலையில் இறக்கைக்கு ஆணி இறுக்கியவள் நான். போர் முடிந்ததும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சில நாள் மத்தியானம் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதோடு பேசிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று உண்மையாகவே பயமாக இருந்தது.

அதனால்தான் நெடுஞ்சாலையோரம் திறந்த பெரிய கடைக்கு ஒருநாள் போய் வேலை கேட்டேன். துவைக்கும் மெஷின் பிரிவில் ஓடவிட்டுக் காட்டி விற்க ஆள் வேண்டுமாம். மேனேஜர் டில்லர்டுக்கு என்னைப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைக்குள் போனில் முடிவு சொல்லச் சொன்னார்.

செஸ்டரிடம் சொன்னபோது முள்கரண்டியைத் தட்டில் போட்டான்.

"நான் சம்பாதிக்கிறது பத்தலையா?"

"பத்துது. எனக்குத்தான் பொழுது பத்தாம... இல்ல, பொழுது போகாம சாகறேன்."

"தெருவுல என்ன பேசுவாங்க? செஸ்டர் பொண்டாட்டியைக் கடைக்கு அனுப்பிச் சாப்பிடறான்னு பேசுவாங்க. அந்த ஹாகர்ட்டி அம்மா ஒருத்தி போதும், மாதா கோயில் பூரா பரப்பிடுவாங்க."

மிசஸ் ஹாகர்ட்டி அடுத்த வீடு. யார் வீட்டுப் புல் வளர்ந்திருக்கிறது, யார் பூசைக்கு வரவில்லை என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். அவரைக் கண்டால் செஸ்டர் சிகரெட்டை மறைப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவன் பக்கத்தில் நிற்க, மனசே இல்லாமல் டயலைச் சுற்றினேன்.

போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு புது வீட்டுக்கும் தனித்தனியாக லைன் இழுக்க முடியாமல் கம்பெனிக்காரர்கள் மூன்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் லைனில் வெல்மா, மிசஸ் ஹாகர்ட்டி, நாங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் மெதுவாக எடுத்தால் எல்லாம் கேட்கும். வெல்மா கூச்சமில்லாமல் கேட்பாள். மிசஸ் ஹாகர்ட்டி மட்டும், "ஊரார் பேச்சை நான் காதால கேக்கறதில்ல" என்பார்.

"மிஸ்டர் டில்லர்ட், மன்னிக்கணும், என்னால வர முடியாது," என்றேன். "வேலை பிடிச்சிருக்கு. ஆனா தெருவுல என்ன பேசுவாங்களோன்னு என் வீட்டுக்காரர் பாக்கறார்."

"அடி அசடே!" என்று ஒரு சத்தம். வெல்மா. "எந்தத் தெருடி? இந்தத் தெருவா? வேண்டாம்னு சொன்னே, உன்கூடப் பேசவே மாட்டேன். பிள்ளைங்க பஸ்ல வந்து இறங்கினா நான் பாத்துக்கறேன்."

"லைன்ல யாரும்மா அது?" என்றார் டில்லர்ட்.

வெல்மா போட்ட சத்தம் செஸ்டருக்கும் கேட்டுவிட்டது. ரிசீவரைப் பிடுங்கினான். "வெல்மா, போனை வை! உன் பேச்சு மட்டும் ஊரா? மத்தவங்க காறித் துப்பமாட்டாங்களா?"

நானும் காதை ரிசீவரில் ஒட்டவைத்தேன்.

"யாருப்பா துப்புவாங்க?" மிசஸ் ஹாகர்ட்டியின் குரல். "பேர் சொல்லு செஸ்டர். நான் போய்க் கேக்கறேன்."

செஸ்டர் நிமிர்ந்து நின்றான். "அம்மா... நீங்க... லைன்லயா..."

"இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை பாவமன்னிப்பு கேட்டுக்கறேன், அது என் பாடு. நீ என் பேரைச் சொல்லி அவளை வீட்ல உக்கார வைக்காதே."

செஸ்டர் காது சிவந்து நின்றான். டில்லர்ட் பொறுமை இழந்து, "இதுல மிசஸ் கூபியாக் யாரு? வர்றீங்களா, இல்லையா?" என்றார். செஸ்டர் என்னைப் பார்த்தான். பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "உன்னைத்தான் கேக்கறார்," என்றான்.

"திங்கட்கிழமை வர்றேன்," என்றேன். டில்லர்ட் வைத்தார். வெல்மா ஒரு கூச்சல் போட்டுவிட்டு வைத்தாள். செஸ்டர் தோட்டத்துப் பக்கம் சிகரெட் பிடிக்கப் போனான். நானும் வைக்கப்போனேன்.

"பெர்னடின், இருக்கியா?" மிசஸ் ஹாகர்ட்டி இன்னும் லைனில் இருந்தார். அவர் இவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"இருக்கேன்மா."

"அந்தக் கடையில... வயசு ஏதும் பாக்கறாங்களா?"