எதிர்வீட்டு மாடிக்குப் போன கம்பி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு மேலே, ஒரு மெல்லிய செம்புக் கம்பி இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்குப் போனது. எதற்கென்று நர்ஸிடம் கேட்டேன்.

"ரேடியோவுக்காம் சார். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

பல்வலி அதோடு மறந்துபோனது என்று எழுத ஆசை. மறக்கவில்லை.

2

முதல் வரி: 'எல்லையற்ற வெளியில் மிதந்துவரும் குரல்கள்—' வேண்டாம். பாடப்புத்தக வாடை.

மறுபடியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒரு பெண். கணவர் இறந்து இரண்டு வருடம். முகம் தெரியாதவர்களோடு வீட்டிலிருந்தே பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவள். (ரேடியோ கணவரின் பொழுதுபோக்கு என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். இந்தப் பைத்தியம் அவளாகப் பிடித்துக்கொண்டது.)

பால்கனியில் நட்டுவைத்த குச்சி ஆன்டெனாவில் லிஃப்ட் மோட்டாரின் உறுமல்தான் கேட்டது. வழி எளிது: நீளமாக ஒரு கம்பி. ஒரு முனை ரேடியோவில். மறுமுனை எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது. தோதான உயரம் எதிர்வீட்டு மொட்டைமாடி மட்டுமே. அது நாத்தனார் வீடு.

"நீங்க சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னும் சொன்ன நாத்தனார். அன்றிலிருந்து இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை.

3

அவள் போய்க் கேட்டாள். (தெருவைக் கடக்கும்போது அவள் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். தெரு அவ்வளவு அகலமில்லை.)

"உன் மாடியில ஒரு கயிறு கட்ட எடம் வேணும்மா. அந்தக் கயித்துல என் கம்பி நிக்கும்."

"இடி விழுந்தா?"

"வானம் கறுத்தாலே என் பக்கம் கழட்டி வெளிய போட்டுடுவேன்."

"சீக்கிரம் கழட்டுவீங்களா?"

'சீக்கிரம்' என்ற சொல் இருவர் காதிலும் விழுந்தது.

"கட்டிக்குங்க" என்றாள் நாத்தனார்.

4

அன்று மாலை உறுமல் அடங்கியது. கடல் தாண்டி யாரோ ஒருவர், தொண்டை கட்டிய குரலில், அவள் பேசுவது தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார். பால்கனிக்கு வந்தாள். எதிர்மாடியில் நாத்தனார், காய்ந்த துணிகளைத் தோளில் போட்டபடி.

"கேக்குதா அண்ணி?"

"கேக்குது!"

(இங்கேயே முடித்துவிடு என்கிறார் என் நண்பர். அவருக்கு எந்தக் கதையும் சீக்கிரம் முடிந்தால் சரி.)

5

ஒரு காலையில் கம்பி தெருவில் விழுந்து கிடந்தது.

நாத்தனாரே அவிழ்த்துவிட்டாள் என்று எழுதினேன். திருப்பமும் கிடைத்தது. ஆனால் எல்லோர் முன்னும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண் எதற்குத் திருட்டுத்தனமாக முடிச்சை அவிழ்க்கப்போகிறாள்? ஆகவே காற்று. கைப்பிடிச்சுவரில் உரசி உரசிக் கயிறு நைந்து அறுந்திருந்தது.

நாத்தனார் மேலிருந்து புதுக்கயிறு இறக்கினாள். அண்ணி கீழே தெருவில் நின்று கம்பியின் முனையை அதில் கட்டினாள்.

"கட்டியாச்சு. இழும்மா!"

கயிறு அசையவில்லை.

"அண்ணி! அன்னைக்கு நான் சொன்னத இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா?"

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

6

'ஆமா' என்று எழுதிப் பார்த்தேன். 'இல்ல' என்றும் எழுதினேன். 'மொதல்ல இழு' என்று ஒன்று, அதுதான் அவளைப்போல இருந்தது, ஆனால் அது என் கோழைத்தனம். மூன்றையும் அடித்துவிட்டேன்.

கம்பி மேலே போனது. அது மேலே நிற்பதை நானே பல் டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தேனே. அதற்கு முன் அவள் சொன்ன பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். மூன்று மாடி உயரம், தெரு நிறைய ஜனம். எந்தப் பதிலானாலும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும்.